செத்தது புரோகிராமா, டிபக்கரா?

போன எபிசோட்டில் நேரம் போதாமல் பாதியில் விட்ட ஆர்ச்வே கதையை எழுதியாவது முடியுங்கோ என்று கன பேர் கேட்டிருந்தீர்கள். இதோ.

சித்தியின் மகன், யூனி கடைசி வருஷம். சி பிளஸ் பிளஸ் புரொஜெக்டை வெள்ளிக்கிழமை குடுக்க வேணும். புதன் பின்னேரம் ஆர்ச்வே ரோட் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு அவர்கள் வீட்டுக்கும் போனேன். "அக்கா, புரோகிராம் கிராஷ் ஆகுது. ஏனெண்டு பாக்க டிபக்கரைத் திறந்தா அதுவும் சேர்ந்து செத்துப்போகுது" என்றான். லாப்டாப் பழுது என்று சித்தி முடிவே கட்டிவிட்டார். புதுசு வாங்கக் காசு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப சாகுது? திறந்த உடனேயா?" என்று கேட்டேன். இல்லை. ஸ்டாக் பட்டியல் ஒழுங்காக வருகிறது. 0, 1, 2ஆம் பிரேம்களைக் கிளிக் பண்ணினால் பிரச்சினையே இல்லை. 3ஐத் தொட்டால் கொஞ்ச நேரம் உறைந்து, மூடிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அதே 3. பழுதான மெமரி இவ்வளவு ஒழுங்காக நடக்காது.

ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, திரும்பி எங்கே வரவேண்டும் என்பதை எங்கேயாவது வைத்துவிட்டுப் போக வேணும். இந்த யோசனையில் லண்டனுக்கும் பங்கு உண்டு. டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்காக அலன் டூரிங் 1945இல் எழுதிய ஏஸ் கணினித் திட்டத்தில் இதற்கு 'பெரி', 'அன்பெரி' என்று பெயர் வைத்தார். புதைப்பது, கிளறி எடுப்பது. இன்று அந்த ஒவ்வொரு அடுக்கும் ஒரு பிரேம். திரும்பும் முகவரியோடு லோக்கல் வேரியபிள்களும் அதற்குள் இருக்கும். ஃபங்ஷன் முடிந்தபின் யாரும் அந்த இடத்தைக் கூட்டித் துடைப்பதில்லை. அடுத்து வாறவர் பழைய குப்பைக்கு மேலேயே குடியேறுவார். இதை ஞாபகம் வைத்திருங்கோ.

எடிட்டரை மூடிவிட்டு டெர்மினலில் ஜிடிபியைத் திறந்தோம். பி, டி என்று அடித்தால் முழு ஸ்டாக்கும் வரும் (எங்கட 'பிடி'தான், மறக்கவே மறக்காது). பிறகு 'பிரேம் 3'. சாகவில்லை. 'இன்ஃபோ லோக்கல்ஸ்' அடித்தோம். ஒரு வெக்டரின் நீளம் ஐந்து லட்சம் கோடிக்கும் மேல் என்று வந்தது. அவனுடைய டேட்டாவே 300 வரிதான்!

தம்பியின் கோடில் பிழையில்லை. அந்த வெக்டரை அறிவிக்கும் வரி, கிராஷுக்குக் காரணமான கோலுக்குக் கீழேதான் இருந்தது. அதாவது வெக்டர் இன்னும் பிறக்கவே இல்லை. ஆனால் அந்த பிளாக்கில் உள்ள எல்லாப் பெயர்களையும் டிபக்கர் காட்டும், பிறக்காததையும் சேர்த்து. வெக்டர் என்பது உள்ளே மூன்று பாயின்டர்கள். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நீளம். முன்பு அங்கே குடியிருந்தவர் விட்ட குப்பையை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் இப்படித்தான் வரும்.

ஜிடிபி டெர்மினலில் வழக்கமாக 200 உறுப்புகளோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் தப்பியது. எடிட்டரின் வேரியபிள் பெட்டியோ ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் தா என்று கேட்டிருக்கிறது. மெமரி நிரம்ப, ஒப்பரேட்டிங் சிஸ்டம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது. என்னைக் கேட்டால் இது எடிட்டர் செய்தவர்களின் கவனக்குறைவு. குப்பையும் வரும் என்று எதிர்பார்க்காத டிபக்கர் என்ன டிபக்கர்?

உண்மையான கிராஷ் பிரேம் 1இல் இருந்தது. டேட்டா ஃபைல் திறபடாமல் ஒரு பாயின்டர் பூச்சியமாகவே போயிருந்தது. அதைத் தம்பியே பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டான்.

உங்களுக்கும் இப்படி நடந்தால், 'பிரின்ட்'டுக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'ஆர்' எழுத்தும் போடுங்கோ. வெக்டரை அழகுபடுத்தாமல் வெறும் பாயின்டர்களாகக் காட்டும். ஜிடிபியே உண்மையில் கிராஷ் ஆனால்? அதைச் செய்பவர்கள் இன்னொரு ஜிடிபியை அதற்கு மேலே ஏற்றிப் பார்ப்பார்கள். எது எது என்று குழம்பாமல் இருக்க, மேலே இருப்பதன் பிராம்ப்டில் 'டாப் ஜிடிபி' என்று வரும்.