சொந்த வீடும் சுற்றமும்

பட்டுக்குப் பெயர் பெற்ற கொள்ளேகால் 1956ஆம் ஆண்டு வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் இடம்பெற்றது. வீட்டுக்குள் தறி வைத்திருக்கும் நெசவுக் குடும்பத்திற்கு வீடே தொழிற்கூடம். பாவு நீட்டவும் பிணைக்கவும் அண்டை அயலாரின் கைகள் தேவை. அத்தகையோர் வீடு வாங்க முற்படுகையில், மனையின் விலையோடு சுற்றத்தின் மதிப்பையும் கணக்கிடுதல் நலம்.

அகமதாபாத்தில் 1987ஆம் ஆண்டு, சேவா அமைப்பைச் சேர்ந்த பீடித் தொழிலாளப் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் வீடுகள் ஒதுக்கப்பட்டன. பங்கேற்ற 497 பேரில் 110 பேருக்கு வீடு கிடைத்தது. வீடுகள் தரமானவை, மாதந்தோறும் செலுத்த வேண்டிய தொகையும் குறைவு. ஆனால் அவை நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் இருந்தன. 14 ஆண்டுகளுக்குப் பின் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தபோது, 34 விழுக்காட்டினர் குடியேறவே இல்லை என்பதும், 32 விழுக்காட்டினர் குடியேறிப் பின்னர் வெளியேறினர் என்பதும் தெரியவந்தன. வீடு பெற்றோரின் வருமானம் உயரவில்லை. உறவினரிடமிருந்து விலகியதால், இடர்க்காலத்தில் உதவி கேட்கத்தக்கவர்களும் குறைந்திருந்தனர்.

கைமாற்று, சீட்டு, மொய், அவசர வேளையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டார் ஆகிய இவையே எளிய குடும்பங்களின் காப்பீடு. அடிக்கடி வாடகை வீடு மாறுவோர் இந்த நம்பிக்கையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டியுள்ளது. சொந்த வீடு அதனை நிலைநிறுத்தும். தொலைவில் அமைந்தால் அதனையே குலைக்கவும் கூடும்.

எனவே வீட்டுக் கடன் கோருமுன், மாதத் தவணையோடு பயணச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் பேருந்துக் கட்டணம் எனில், வேலைக்குச் செல்லும் இருவருக்கு 25 நாட்களில் 2,000 ரூபாய் ஆகிறது. மலிவான மனையால் மிச்சமாகும் தொகை இதிலேயே கரைந்துவிடலாம். மொய்யும் சீட்டும் தடைபடாத அளவில் தவணையை அமைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் மனையிலேயே கட்டுவது சிறந்த வழியாகவும் அமையலாம். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாதோர், நாட்டில் எங்கும் நிலையான வீடு இல்லாதவராயின், சொந்த மனையில் வீடு கட்ட உதவி கோரலாம். வீடு பொதுவாகக் குடும்பத் தலைவியின் பெயரிலோ தம்பதியர் இருவர் பெயரிலோ பதிவாதல் வேண்டும். மனை ஆவணங்களுடன் முதலில் நகராட்சி அலுவலகத்தையும், மீதித் தொகைக்கு நம் கிளையையும் அணுகுங்கள்.