ஜீப் விற்கப் போகிறீர்களா?

பணம் கைக்கு வந்தால் போதாது. பெயர் மாற வேண்டும்!

நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டிக்கு எப்போதுமே தனி மவுசு உண்டு. சேறானாலும், மணலானாலும், மலையானாலும் அது ஏறிவிடும். மழைக் காலத்தில் சேறாகும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மண் ரோடுகளில் அதன் அருமை நன்றாகத் தெரியும்.

இந்த வட்டாரத்துக்கும் மோட்டார் வண்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்து 1965-ல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் பட்டறைகள் ஏராளம். ஆவடியைத் தாண்டினால் திருவள்ளூர். அங்கே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 'பஜேரோ' வண்டி தயாராயிற்று. மறைமலை நகர் போர்டு ஆலையில் 'எண்டவர்' தயாராயிற்று. இரண்டும் இன்று அங்கே தயாராவதில்லை. 1985-ல் வந்த மாருதி 'ஜிப்சி'யும் புதிதாகக் கிடைக்காது.

ஆகவே, நன்றாகப் பராமரித்த பழைய வண்டிக்குக் கிராக்கி இருக்கிறது.

இரண்டாவது லீவர்

வாங்க வருகிறவர் பெயிண்டின் பளபளப்பை மட்டும் பார்க்க மாட்டார். குனிந்து அடியில் பார்ப்பார். துரு இருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பார்.

இந்த வண்டிகள் பலவற்றில், சாதாரணமாகப் பின் சக்கரங்கள் இரண்டுமே வண்டியைத் தள்ளும். கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு லீவர் இருக்கும். அதைப் போட்டால்தான் முன் சக்கரங்களுக்கும் இழுப்பு வரும். வருஷக் கணக்கில் தொடாமல் விட்டால் அது இறுகிப் போகும். அவ்வப்போது மண் பாதையில் போட்டு ஓட்ட வேண்டும்.

காய்ந்த தார் ரோட்டில் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் உருள வேண்டும். பின் சக்கரங்கள் குறைந்த தூரமே உருளும். இரண்டும் பிணைந்திருப்பதால் கியர்கள் திணறும்.

நான்கு டயர்களும் ஒரே அளவில் இருக்க வேண்டியது அவசியம். ரிப்பேர் பில்களை வருஷ வாரியாக அடுக்கி வைத்திருப்பவர், பேரத்தில் தலைநிமிர்ந்து பேசலாம்.

ஆசைக்கு அளவு உண்டு

சிலர் ஆசை ஆசையாகப் பெரிய டயர் போடுவார்கள். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வைப்பார்கள். அந்தச் செலவு முழுவதும் விலையில் திரும்பி வராது. சில சமயம் வம்பும் சேர்ந்து வரும்.

முன்பக்கத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சர்க்கார் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர்களுக்கும், வண்டியில் இருப்பவர்களுக்கும் அவை ஆபத்து என்பதே காரணம். கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறியது. எஞ்சினை மாற்றியிருந்தால், அனுமதி பெற்று அதை ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும்.

கழற்றிய பழைய சாமான்களைப் பத்திரமாக வைத்திருப்பது புத்திசாலித்தனம். விற்கும்போது மறுபடியும் மாட்டிவிடலாம்.

விற்றவர் தலையில் விழுந்தது

எல்லாவற்றையும் விட முக்கியமானது பெயர் மாற்றம்.

ஒருவர் 2007-ல் தம் காரை விற்றார். அது கை மாறி, கை மாறிப் போயிற்று. ஆர்.சி.யில் மட்டும் அவர் பெயரே இருந்தது. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. நஷ்டஈடு யார் தருவது?

கடைசியாக வாங்கியவர் தரவேண்டும் என்றது ஐகோர்ட்டு. வழக்கு டெல்லிக்குப் போயிற்று. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் கண்ணில் அவரே சொந்தக்காரர் என்று கூறிவிட்டது.

வண்டியை விற்று இரண்டு வருஷம் ஆன பிறகு, விற்றவர் தலையிலேயே பொறுப்பு விழுந்தது!

செய்ய வேண்டியது என்ன?

வண்டியை ஒப்படைக்கும் அன்றே 29, 30 ஆகிய நம்பர் பாரங்களில் கையெழுத்துப் போட வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்கு, ஆர்.டி.ஓ.வின் ஆட்சேபணை இல்லை என்ற சான்றும் தேவை. கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்தது என்று பாங்கி கடிதம் தர வேண்டும்.

வாங்கியவர் இன்ஷூரன்சையும் 14 நாளில் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். நஷ்டஈடு கேட்காத வருஷங்களுக்கு இன்ஷூரன்சில் கிடைக்கும் தள்ளுபடி, விற்றவருக்கே சொந்தம். அதைத் தம் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். கண்ணாடியில் ஒட்டிய 'பாஸ்டாக்'கை ரத்து செய்ய மறக்கக் கூடாது. மறந்தால், வாங்கியவர் ஊர் சுற்ற, சுங்கக் கட்டணம் விற்றவர் கணக்கில் போகும்!

வியாபாரியிடம் கொடுப்பதானால், ஆர்.டி.ஓ. அனுமதி பெற்றவரா என்று கேட்க வேண்டும். அந்த விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. வண்டி அவர் கைக்குப் போனதை அரசாங்க இணையதளத்தில் பதிந்துவிட்டால், அதன் பிறகு பொறுப்பு அவருடையது.

சாவியைக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். புதிய பெயர் போட்ட ஆர்.சி.யின் நகலைக் கண்ணால் பார்த்த பிறகே, 'வண்டி விற்றாயிற்று' என்று வீட்டில் சொல்ல வேண்டும்.