தனுஷ்கோடிக்கு சைக்கிளில் போய் வந்தோம்



"தனுஷ்கோடிக்கு சைக்கிள்லயே போனீங்களாமே, நாங்களும் போகலாமா?" என்று பல குழுக்களில் இருந்து கேட்டிருந்தீர்கள். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

நாங்கள் ஒன்றும் பந்தய வீராங்கனைகள் இல்லை. மொத்தம் 11 பேர். பாதிப் பேர் 40 வயதைத் தாண்டியவர்கள். ஓட்டியதில் முக்கால்வாசி, பிள்ளைகள் பிளஸ் 1 படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள்தான். பிள்ளை காலேஜுக்குப் போயாச்சு, சைக்கிள் திண்ணையில் கிடந்தது. எங்களில் ஒரு அக்கா புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்களே, அப்போது அவரும் பழகினாராம். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தபிறகு தொடவே இல்லை. "மறந்திருக்கும்" என்றார். ஏறி மிதித்தார், போய்க்கொண்டே இருந்தார்.

பாதை எளிது. ராமேஸ்வரம் ஊரில் இருந்து அரிச்சல்முனை வரைக்கும் சுமார் 20 கிலோமீட்டர். மேடு பள்ளமே கிடையாது. இருப்பது ஒரே ரோடு என்பதால் போன வழியிலேயேதான் திரும்ப வேண்டும். கடைசியில் தூண் நிற்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு சைக்கிளைத் திருப்பலாம். 40 கிலோமீட்டர் மலைப்பாக இருந்தால், முகுந்தராயர் சத்திரம் வரை வண்டியில் சைக்கிளைக் கொண்டுபோய் அங்கிருந்து ஏறுங்கள். அங்கிருந்து முனைக்கு ஒன்பதரை கிலோமீட்டர்தான். 2017-ல் இந்த ரோடு வருவதற்கு முன்னால் மணலுக்குள் வேன் வைத்துத்தான் போக முடியும். இப்போது தார் ரோடு.

சத்திரத்தைத் தாண்டினால் வலது பக்கம் மன்னார் வளைகுடா, இடது பக்கம் பாக் கடல். நம்ம ஊரில் வலப்பக்கத்தை ஆண்கடல் என்போம், இடப்பக்கத்தைப் பெண்கடல் என்போம். பெண்கடல் என்றால் அமைதி என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது பெண்கடல்தான் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். ஆடிக் காற்றில் அப்படியே தலைகீழ். சாதுவான பெண்ணும் சமயத்தில் பொங்குவாள் என்று ஒரு தங்கச்சி சொன்னதில் எல்லாருக்கும் சிரிப்பு.

இந்தக் காற்றைத்தான் சைக்கிள்காரர்கள் முக்கியமாகக் கவனிக்கணும். ரோடு தென்கிழக்காகப் போகிறது. தென்மேற்குக் காற்று வந்தாலும் சரி, வாடை வந்தாலும் சரி, குறுக்கேதான் தள்ளும். ஆனி, ஆடியில் மணல் பறந்து வந்து ரோட்டையே மூடிவிடும். அந்த மணலில் சக்கரம் ஏறினால் சறுக்கும். நாங்கள் தை மாதம், விடியற்காலையில் கிளம்பினோம். அப்படியும் ஒருத்தர் விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மணல் கிடந்தால் ஓட்டிக் காட்டணும் என்று நினைக்காதீர்கள். இறங்கித் தள்ளுங்கள். சேலை கட்டினால் முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். வழியில் நிழலை நம்ப முடியாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம் வேணும்.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தனுஷ்கோடியில் மீனவர் குடிசைகள் பக்கம் ஒரு அம்மா மணலில் குழி பறித்து, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ரெண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர்! குடித்துப் பார்த்தோம், உப்பே இல்லை. மழைத் தண்ணீர் மணல்மேட்டுக்குள் இறங்கித் தங்குகிறது. நல்ல தண்ணீர் கனம் குறைவு, உப்புத் தண்ணீர் கனம் கூடுதல். அதனால் அடியில் இருக்கிற உப்புத் தண்ணீர்மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கிறது. "ஆழமாத் தோண்டினா உப்பு ஏறிரும் தாயி, மூணு நாலு அடிதான் பறிக்கணும்" என்றார். மெதுவாகத்தான் ஊறும். ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆனது.

அப்போதுதான் கவனித்தோம், எங்கள் சைக்கிள்களை மேட்டில் இருந்த அடும்பங்கொடிமேல் சாய்த்து வைத்திருந்தோம். அவர் கோபப்படவில்லை. "அந்தக் கொடி போச்சுன்னா மேடு பறந்துபோகும். மேடு போச்சுன்னா ஊத்தும் இல்லை" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எடுத்து ரோட்டோரம் நிறுத்தினோம். அடும்பங்கொடி, ராவணன் மீசைப் புல் இருக்கிற இடத்தில் சைக்கிளை ஏற்றாதீர்கள், படம் எடுக்கவும் ஏறாதீர்கள். நமக்கு அது ஒரு நாள் பயணம், அவர்களுக்கு அதுதான் குடிதண்ணீர்.

அதே இடத்தில்தான் அந்தக் காலத்து ஊர் இருந்தது. ரயில்வே ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சர்ச், எல்லாம் இருந்த ஊர். சென்னையில் இருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் எல்லாம் போனது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரயிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கடலுக்குப் போனது. பிறகு ஆள் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்தது. இப்போது சர்ச்சின் சுவர் நிற்கிறது. அதன் பக்கத்தில் பாசிமணி, சங்கு விற்கிற பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தகுதியில்லாத ஊரில்தான் அவர்கள் பிழைப்பு நடக்கிறது. பேரம் பேசாமல் வாங்கினோம்.

முனையில் ரெண்டு கடலும் சேருகிறது. இலங்கை அங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள்தான். கால் நனைக்கலாம், குளிக்க இறங்காதீர்கள். சுழலும் இழுப்பும் அதிகம். இருட்டும்வரை அங்கே இருக்க விடமாட்டார்கள், அதையும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கோதண்டராமர் கோவிலுக்குப் பிரிகிற ரோட்டில் நுழைந்து கும்பிட்டுவிட்டு வரலாம். அந்தப் புயலில் தப்பிய கோவில் அது.

வீட்டுக்கு வந்ததும் அசதி என்று சைக்கிளை அப்படியே சாத்திவிடாதீர்கள். உப்புக் காற்றும் மணலும் ஒரே வாரத்தில் செயினைத் துருப்பிடிக்க வைத்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். எங்களில் 3 பேர் இதைச் செய்யவில்லை. ஆளுக்கு ஒரு புதுச் செயின் செலவு.

மாசிக் கடைசியில் இன்னொரு தடவை போகிறோம். வர விரும்புகிறவர்கள் உங்கள் குழுத் தலைவியிடம் பெயர் கொடுங்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களும் கொடுக்கலாம். புதுக்கோட்டை அக்கா ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் சொல்லித் தருகிறார்.