பழைய சிலிப்பரில் ஒரு தவளை

தூண்டில் பிரியர்களே, பிய்ந்துபோன சிலிப்பரை வீசிவிடாதீர்கள்! நாம் ஹருவான் என்று சொல்லும் விரால் மீனுக்கு அதிலேயே ஒரு தவளை செய்யலாம். ரெங்கம் போன்ற தோட்டப்புற வாய்க்கால்களுக்கு அது போதும்.

சிலிப்பர் ரப்பர் மிதக்கும். கட்டைவிரல் அளவுக்கு வெட்டி, தவளை வடிவில் தேய்த்து, நடுவே துருப்பிடிக்காத கம்பியைச் செலுத்துங்கள். முன்னால் நூல் கட்ட வளையம், பின்னால் இரட்டை முள். முள் நுனிகள் மேல்நோக்கி உடலை ஒட்டியிருந்தால் புல்லில் அதிகம் சிக்காது. பின்பக்கம் சிறு ஈயத்துண்டு வைத்து வாளித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். தலை சற்றுத் தூக்கி நிற்க வேண்டும்.

அழகைவிட அசைவே முக்கியம். பின்லாந்து மீனவர் லாவ்ரி ரபாலா 1936-இல் தக்கையில் செதுக்கி, சாக்லேட் தாள் சுற்றிய பொய்மீன், அடிபட்ட மீன்போலத் தள்ளாடித்தான் பெரிய மீன்களை ஏமாற்றியது.

ஆனால் நீர்ப்பரப்பில் விரால் குஞ்சுகள் கூட்டமாகத் தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். அருகிலேயே தாயோ தந்தையோ காவல் இருக்கும். பசியில்லாவிட்டாலும் குஞ்சுகளைக் காக்கப் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு ஹருவான் சூப் வைத்துத் தரும் வீடுகள் நம்முடையவை. நாளைக்கும் மீன் வேண்டுமே!