எத்தியோப்பியாவில் ஒரு கம்பீரநாட்டை

ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ வடலூர்ப் பக்கத்திலிருந்து சிதம்பரம் போகிறவர்கள் மல்லாரியைக் கேட்டிருப்பார்கள். சுவாமி புறப்பாட்டுக்கென்றே நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கும் உருப்படி. சாகித்யம் கிடையாது, ராகம் கம்பீரநாட்டை. ச க ம ப நி என்று ஐந்தே சுரம். அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், காகலி நிஷாதம். எத்தியோப்பியாவில் ‘பாத்தி’ என்னும் சுர அமைப்பின் ஒரு வகைக்கும் இதே ஐந்துதான்.

அந்த நாட்டு இசைக்குத் திஸிதா, பாத்தி, அம்பாசல், அஞ்சிஹோயே என நான்கு தாய் அமைப்புகள். எல்லாமே ஐந்து சுரங்கள். திஸிதாவின் ஒரு வகை நம் மோகனம். அம்பாசல் கர்நாடக சுத்த சாவேரி. உடனே உறவு கொண்டாடிவிடக் கூடாது. ஷட்ஜத்தை நிறுத்திக்கொண்டு, மீதி 11 சுர இடங்களில் நான்கைப் பொறுக்கினால் 330 அமைப்புகள் வரும். ஷட்ஜ பஞ்சம உறவை, அதாவது அதிர்வெண்ணில் 2:3 விகிதத்தை, பெரும்பாலான காதுகள் விரும்பும். பஞ்சமம் வேண்டும் என்றாலே 330 என்பது 120 ஆகிவிடுகிறது. கம்பீரநாட்டையில் இன்னொரு அழகும் உண்டு: ச-க-ம என்ற துண்டை அப்படியே பஞ்சமத்துக்கு ஏற்றினால் ப-நி-ச. பாதியைப் பிடித்தால் முழுதும் வந்துவிடும். இப்படிப்பட்ட அமைப்பை இரண்டு ஊர்கள் தனித்தனியே கண்டுபிடிப்பதில் அதிசயம் இல்லை.

அதிசயம் அதற்குப் பிறகு நடந்தது. 1943இல் ஜிம்மாவில் பிறந்த முலாத்து அஸ்தாத்கே பொறியியல் படிக்க வேல்ஸ் போய், இசைக்குத் தாவி, பாஸ்டனின் பெர்க்லி இசைப் பள்ளியில் சேர்ந்த முதல் ஆப்பிரிக்க மாணவர் ஆனார். ஜாஸ், பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கும் இசை. 12 சுரங்களையும் தாராளமாக அடுக்கினால் ஐந்து சுரத்தின் சாயல் கரைந்துபோகும். அது கரையாதபடி அடுக்குவதுதான் அவர் தீர்த்த புதிர். 1972இல் வந்த ‘முலாத்து ஆஃப் எத்தியோப்பியா’ இசைத்தட்டில் இதைக் கேட்கலாம்.

அவர் வாசித்தது வைப்ரஃபோன். உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டும் கருவி. அதில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. சுரத்தை இப்படி அசைத்து வழுக்கும் கமகத்தை எடுத்துவிட்டால் நம்மவர்கள் அதை ராகம் என்றே ஒப்பமாட்டார்கள். முலாத்துவிடம் அந்த வேலையை அடுக்கு செய்கிறது: மேலே அதே காந்தாரம் நிற்க, கீழே அடுக்கு மாறும்போது அதன் நிறம் மாறுகிறது. நாகஸ்வரம் பழகியவர் இந்த இசைக்குள் நுழைந்தால் முதலில் படிக்க வேண்டியது புதுச் சுரம் அல்ல, அசைக்காமல் நிறுத்துவது. என் கணிப்பில் அதுவே கடினம். எதிர்த்திசையிலும் ஒருவர் வந்தார். பெர்க்லியில் பாடம் நடத்திய அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாகஸ்வரம் கற்று, அதை இசைத்தட்டுகளிலும் வாசித்தார்.

பாத்தியில் தொடங்குகிறவருக்கு எல்லாம் வீட்டுப் பக்கம் போலிருக்கும், அஞ்சிஹோயே வரும்வரை. ஷட்ஜம், சுத்த ரிஷபம், சதுஸ்ருதி தைவதம், இவற்றோடு இரண்டு மத்யமங்களும். பஞ்சமம் கிடையாது. ஒரு மத்யமம், கட்டாயப் பஞ்சமம் என்ற விதியில் நிற்கும் கர்நாடக இசையின் 72 தாய் மேளங்களில் எதற்குள்ளும் இது அடங்காது. ஹிந்துஸ்தானியில் லலித் ராகம் ஓரளவு கிட்டே வரும்.