அரை ஓட்டில் பறிபோன மேல்சபை இடம்!

29 பெரிதா, 23 பெரிதா? பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டியும் பளிச்சென்று பதில் சொல்வாள். ஆனால் அரியானா மாநிலத்தில், 2022ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் நடந்த ராஜ்யசபைத் தேர்தலில், முதல் எண்ணிக்கையில் 29 ஓட்டு வாங்கியவர் தோற்றார். 23 ஓட்டு வாங்கியவர் வென்று டில்லிக்குப் போனார்!

மாயமா? மந்திரமா? மோசடியா? அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம், தோழர்களே! கணக்கைப் பார்ப்போம். கூலி வாங்கும்போது காசை எண்ணிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஓட்டுக் கணக்கை மட்டும் ஏன் பிறரிடம் விட்டுவிட வேண்டும்?

ராஜ்யசபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் சட்டசபை உறுப்பினர்கள். ஆளுக்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டில், தமக்குப் பிடித்த வேட்பாளர் பெயருக்கு எதிரே 1 என்று எழுத வேண்டும். விரும்பினால் அடுத்தவருக்கு 2, அதற்கும் அடுத்தவருக்கு 3 என்று வரிசைப்படுத்தலாம். இதற்குத்தான் விருப்ப ஓட்டு என்று பெயர்.

ஒரு சீட்டை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய்க்கு 100 காசு. சட்டமும் ஒரு சீட்டுக்கு 100 என்றே மதிப்புப் போடுகிறது. செல்லுபடியான சீட்டுகளின் மொத்த மதிப்பை, நிரப்ப வேண்டிய இடங்களோடு ஒன்று கூட்டி வகுக்க வேண்டும். மீதியைத் தள்ளிவிட்டு, வந்த ஈவோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதுதான் வெற்றிக்கு வேண்டிய அளவு. தமிழ்நாட்டில் 234 பேர், 6 இடம். 23,400ஐ 7ஆல் வகுத்தால் 3,342. ஒன்று சேர்த்தால் 3,343. அதாவது 34 சீட்டு வேண்டும். '34 பேர் இருந்தால் ஒரு எம்.பி.' என்று மேடைதோறும் பேசுகிறோமே, அந்த 34 பிறந்த கதை இதுதான்.

இப்போது அரியானாவுக்கு வருவோம். சபையில் 90 பேர். நிரப்ப வேண்டியது 2 இடம். 90 பேரும் ஓட்டளித்தால் தேவை 3,001. அதாவது 31 சீட்டு. காங்கிரசின் பலம் எவ்வளவு? சரியாக 31! பாரதீய ஜனதாவுக்கு 40. ஆளுக்கு ஓர் இடம் என்று பங்கு பிரிந்திருக்க வேண்டிய தேர்தல். ஆனால் மூன்றாவதாக ஒருவர் வந்தார். சுயேச்சை வேட்பாளர் கார்த்திகேய சர்மா. பாரதீய ஜனதாவும், அதன் அன்றைய தோழமைக் கட்சியான ஜனநாயக ஜனதாவும் அவருக்குக் கைகொடுத்தன. போட்டி மூண்டது. காங்கிரஸ் தன் உறுப்பினர்களை ராய்ப்பூர் விடுதிக்குக் கொண்டுபோய்க் காவல் காத்தது. ஆளைக் காத்தார்கள், ஓட்டைக் காத்தார்களா?

எண்ணியபோது வந்தது என்ன? சுயேச்சை உறுப்பினர் ஒருவர் ஓட்டளிக்கவே வரவில்லை. காங்கிரசின் ஒரு சீட்டு செல்லாதது ஆயிற்று. மிச்சம் 88. வெற்றிக்கு வேண்டியது 2,934. காங்கிரஸ் உறுப்பினர் குல்தீப் பிஷ்ணோய் அணி மாறி ஓட்டளித்தார். ஆக, அக்கட்சியின் வேட்பாளர் அஜய் மாக்கனுக்குக் கிடைத்தது 29. பாரதீய ஜனதாவின் கிருஷன் லால் பன்வாருக்கு 36. சர்மாவுக்கு 23.

இங்கேதான் இரண்டாம் விருப்பம் எழுந்து நிற்கிறது! பன்வார் வாங்கியது 3,600. அவருக்கு வேண்டியது 2,934. உபரி 666. மரக்கால் நிரம்பியபின் வழியும் நெல்லைக் களத்திலே சிந்த விடுவோமா? அடுத்த மரக்காலில் அல்லவா பிடிப்போம்! அப்படியே அந்த உபரி, 36 சீட்டுகளுக்கும் பங்கிடப்பட்டது. சீட்டுக்குப் 18 காசு சொச்சம். அந்தக் காசு, இரண்டாம் விருப்பத்தின் வழியே சர்மாவின் கணக்கில் ஏறிற்று. ஏறக்குறைய ஆறரை ஓட்டுக்கு ஈடான மதிப்பு! இருபத்து மூன்றும் ஆறரையும் இருபத்தொன்பதரை. 29 நின்ற இடத்திலேயே நின்றது. 23 அதைத் தாண்டிப் போனது.

மாக்கனுக்குக் குறைந்தது எவ்வளவு? 2,934க்கு 2,900. முப்பத்து நான்கே காசு! ஒரு சீட்டில் மூன்றில் ஒரு பங்கு. செல்லாமல் போன அந்த ஒரு சீட்டு செல்லுபடியாகி அவருக்கு விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? செல்லும் சீட்டு 89, தேவை 2,967, மாக்கனுக்கு 3,000. முதல் எண்ணிக்கையிலேயே வென்றிருப்பார்.

'இப்படிப்பட்ட முறையே வேண்டாம்' என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். எண்ணிப் பாருங்கள். இரண்டு இடத்துக்கும் தனித்தனியே ஓட்டெடுத்து, பெரும்பான்மை பெற்றவரே வெற்றி என்று வைத்தால், பெரும்பான்மை அணி இரண்டையும் வாரிக்கொண்டு போகும். 31 பேர் கொண்ட எதிர்க்கட்சி வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான். சபையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுந்தவர்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று உரிமை தந்தது இந்த விருப்ப ஓட்டு முறைதான். முறை கொடுத்தது; கவனக்குறைவும் கட்டுப்பாட்டுக் குலைவும் பறித்தன!

அதே அரியானாவில் அதற்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்தது. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம். தேர்தல் அதிகாரி கொடுத்த பேனாவால் எழுதவில்லை என்ற காரணத்தால், காங்கிரஸ் உறுப்பினர்களின் சீட்டுகள் பத்துக்கு மேல் தள்ளப்பட்டன. அவர்கள் ஆதரித்த ஆர்.கே. ஆனந்த் தோற்றார், பாரதீய ஜனதா ஆதரித்த சுபாஷ் சந்திரா வென்றார். பேனாவின் மை ஒரு மேல்சபை இடத்தை விழுங்கியது! ஆறாண்டு கழித்தும் பாடம் மனத்தில் ஏறவில்லையே!

கட்டுப்பாட்டுக்குச் சட்டம் ஏதும் செய்யவில்லையா? செய்தது. 2003இல் சட்டத்தைத் திருத்தி, ராஜ்யசபைத் தேர்தலில் ரகசிய ஓட்டை நீக்கினார்கள். கட்சி உறுப்பினர், குறியிட்ட சீட்டைத் தம் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டே பெட்டியில் போட வேண்டும். 2006இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் அணி மாறி ஓட்டளித்தார் என்பதற்காக மட்டும் ஒருவருடைய சட்டசபைப் பதவி கட்சித்தாவல் சட்டத்தால் பறிபோவதில்லை. கட்சி அவரை விலக்கலாம். அவர் நாற்காலி அசையாது. கதவுக்குப் பூட்டு உண்டு. சன்னலோ திறந்தே கிடக்கிறது!

அந்தச் சன்னலை அடைக்கச் சட்டத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. வெயிலிலே நின்று, வேலையை விட்டு, கூலியை இழந்து ஓட்டுப் போட்டவன் அனுப்பி வைத்தவர்தான் சட்டசபை உறுப்பினர். அவர் கையில் இருக்கும் சீட்டு அவருடைய சொந்தச் சொத்தா? ஆயிரமாயிரம் பேர் கொடுத்துவைத்த அடைக்கலப் பொருள் அல்லவா? அதைச் சரியாக எழுதத் தெரியாமை ஒரு குற்றம்; தெரிந்தே மாற்றி எழுதுவது பெருங்குற்றம்.

ஆகவே, தோழர்களே! கிளைக் கூட்டத்தில் ஒரு மாலை நேரத்தை இந்தக் கணக்குக்கு ஒதுக்குங்கள். தாளில் 88 சீட்டை எழுதி நீங்களே எண்ணிப் பாருங்கள். நாம் அனுப்பியவர் எதை, யாருக்கு, எந்த வரிசையில் எழுதினார் என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவனிடம் கணக்குக் காட்டாமல் எவரும் தப்ப முடியாது. முப்பத்து நான்கு காசுதானே என்று இருந்துவிட்டால், முழு ரூபாயும் போய்விடும்!