பழைய ஈகோஸ்போர்ட்டா? ரத வீதியில ஓட்டிப் பாருங்க

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஹைவேயில ஒரு ஓட்டு ஓட்டிட்டு, 'வண்டி சூப்பர்'னு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. முக்கியமா, 2013-ல வந்த முதல் மாடல் ஈகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கா இருந்தா.

அதுல இருக்கிறது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். அறுபதுல சீராப் போகும்போது அதோட குறை வெளியே தெரியாது. அதனால நான் ஆண்டாள் கோயில் ரத வீதிக்குள்ள விடச் சொல்வேன். ஆட்டோ, பைக், பால்கோவா வாங்க வந்த கூட்டம்... ஊர்ந்துதான் போகணும். அப்போ முதல் கியர்ல இருந்து ரெண்டுக்கு மாறுறப்ப வண்டி உதறுதா? கிளட்ச்சைச் சந்தேகப்படுங்க. செட்டா மாத்தினா செலவு லட்சத்தை நெருங்கலாம். ஆஸ்திரேலியாவில் இந்த கியர்பாக்ஸ் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதமே விழுந்துச்சு.

டீசல்னா கவலை வேற: டைமிங் பெல்ட். ஓடும்போது அறுந்தா வால்வு வளையும், எஞ்சினைப் பிரிக்கணும். முன்கூட்டியே மாத்திட்டா ஆயிரங்கள்ல முடியும். 'மாத்தியாச்சுண்ணே'ங்கிற வாய்வார்த்தை வேணாம், பில்லைக் காட்டச் சொல்லுங்க. பில் இல்லையா, அந்தச் செலவைக் கழிச்சு விலை கேளுங்க.